பிணத்துக்குப் பட்டா?

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. உள்ளே போய்ப் புத்தகம் வாங்குகிறவர்கள் ஒரு வகை. வெளியே டீயும் மிளகாய் பஜ்ஜியுமாக நின்றுகொண்டு, வாங்காத புத்தகங்களைப் பற்றியும் பார்க்காத படங்களைப் பற்றியும் வழக்காடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகையில் மூத்த உறுப்பினன். அப்படியொரு மாலையில் பேச்சு ‘கோச்சடையா’னுக்கு வந்தது. கூட்டத்தில் இருந்த நண்பர் நிறைய வாசித்தவர். ஈரானியப் படங்களைப் பற்றிக் கையில் குறிப்பில்லாமல் இரண்டு மணி நேரம் பேசுவார். அவர் சொன்னார்: “அந்தப் படத்துக்கு லண்டன்ல ஆர்க்கெஸ்ட்ராவ உட்கார வெச்சு வாசிக்க வெச்சாங்களாம் சார். எதுக்கு? பிணத்துக்குப் பட்டுக் கட்டின மாதிரி.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நம் வீடுகளில் சுமங்கலியாகப் போனவளைப் பட்டு உடுத்தித்தான் அனுப்புகிறோம், அதை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லை என்பது வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் உறைத்தது. நல்ல பதில்கள் எனக்கு எப்போதும் வீட்டு வாசலில்தான் கிடைக்கின்றன. அந்தத் தாமதமான பதில்தான் இந்தக் கட்டுரை.

நண்பர் சொன்னது அவருடைய தனிக் கருத்து என்றால் விட்டுவிடலாம். தமிழில் சினிமா பற்றி எழுதுகிற, பேசுகிற பெரும்பாலோர் இதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிவருகிறார்கள். பின்னணி இசை படத்துக்கு ஏவல் செய்ய வந்தது. படம் தேறினால் இசையும் தேறும், படம் விழுந்தால் இசையும் விழும். இசை மட்டும் தனியாகக் காதில் விழுந்தால் அதுவே குற்றம். தெரியாமல் கரைந்துபோவதே நல்ல பின்னணி இசை. விமர்சகர்கள் இதை இலக்கணமாகச் சொல்வார்கள். வசூல் கணக்குப் பார்க்கிறவர்கள், “படமே ஓடல, பி.ஜி.எம். பத்தி என்ன பேச்சு?” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் கைகுலுக்கிக்கொள்வதே எனக்குச் சந்தேகம் தந்தது.

என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணம், எங்கள் வீட்டுச் சுவர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஒட்டுச்சுவர் வீடு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவருடைய டி.வி. எப்போதும் உச்சத்தில் அலறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஏதோ வாசிப்பு வந்தது. கீழே பித்தளைக் குழல்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்க, மேலே வயலின்கள் நீளமாக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போயின. ஏதோ ஆங்கிலப் படம், பக்கத்து வீட்டுக்காரர் எப்போது இதெல்லாம் பார்க்க ஆரம்பித்தார் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து கேட்டேன். வயலின்கள் இறங்கி முடிந்த இடத்தில் ரஜினிகாந்தின் குரல் வந்தது.

‘கோச்சடையான்’. 2014 மே 23 அன்று வெளியான படம். வெளியான வாரமே தியேட்டரில் பார்த்து, டிக்கெட் காசை நினைத்துப் புலம்பிக்கொண்டே வந்த அதே படம். அன்று இந்த இசை என் காதில் விழவே இல்லை. விழாமலா இருந்திருக்கும்? இதே வயலின்கள் இதைவிடப் பெரிய ஒலிபெருக்கிகளில், இதைவிடத் துல்லியமாக வாசித்திருக்கும். ஆனால் என் கண் அந்த இரண்டு மணி நேரமும் புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் ஒரு தடவை குறை கண்டுவிட்டால் காதையும் தன் கட்சிக்கு இழுத்துக்கொள்ளும்.

அந்தப் படத்தின் கோளாறு என்ன என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. நடிகர்களின் அசைவை உணர்கருவிகள் வழியாகப் பதிந்து, கணினியில் உருவம் கட்டிய படம் அது. ‘ராணா’ என்ற படம் ரஜினிகாந்தின் உடல்நிலையால் 2011-இல் நின்றுபோக, அதன் தொடர்ச்சியாக வந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கினார். 2009-இலேயே மறைந்துவிட்ட நாகேஷைக்கூடத் திரையில் நடமாட விட்டார்கள். துணிச்சலான முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ரஜினிகாந்த் என்ற நடிகரின் சொத்தே வேகம். தோளின் ஒரு திருப்பு, கண்ணின் ஒரு வெட்டு, சிரிப்புக்கு முந்தைய அரை நொடி. அவ்வளவும் கணினி வழியாகப் போய்த் திரும்பி வந்தபோது மெழுகு பொம்மையின் மேல் வந்து நின்றன. கண்கள் எங்கேயும் பார்க்கவில்லை. உதடும் வசனமும் ஆளுக்கொரு தாளத்தில் இருந்தன.

முகம் செய்யத் தவறிய காரியம் அத்தனையும் ஏ.ஆர். ரஹ்மான் தலையில் விழுந்தது. தந்தையை இழந்தவன் முகத்தில் துயரம் இல்லையென்றால் செல்லோக்களில் இருக்க வேண்டும். போர்க்களத்துக் குதிரைகளுக்கு எடை இல்லையென்றால் முரசுகளில் எடை இருக்க வேண்டும். அந்தப் பாடல் தொகுப்பிலேயே பாட்டில்லாத ஒரு தடம் உண்டு: ‘ராணா’ஸ் ட்ரீம்’, லண்டன் செஷன் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. படத்தைப் பார்க்காத ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் மனத்தில் ஓடும் படம் நாம் தியேட்டரில் பார்த்ததைவிட நன்றாகவே இருக்கும்.

அப்படியானால் இசை படத்தைக் காப்பாற்றிவிட்டதா? இல்லை. நான் அப்படிச் சொல்லவும் வரவில்லை. ‘இசையால் படம் தப்பித்தது’ என்பதும் நண்பர் சொல்லும் கருத்தின் மறுபக்கம்தான். அங்கேயும் இசையின் மதிப்பைப் படம்தான் முடிவு செய்கிறது. படம் விழுந்தது. இசை நின்றது. இந்த இரண்டு வாக்கியங்களும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதுதான் என் கட்சி.

‘கரைய வேண்டும்’ என்ற இலக்கணத்துக்கு வருகிறேன். பேச்சு நடக்கும் காட்சியில் இசை வசனத்தை மிதிக்கக் கூடாது, பார்வையாளரின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று 1930, 40-களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்துக்கொண்ட பட்டறை விதி அது. பட்டறை விதியாக நல்ல விதி. பிறகு ஐரோப்பாவிலிருந்து இன்னும் கடுமையான விரதங்கள் வந்தன. 1995-இல் டென்மார்க்கில் ‘டாக்மா 95’ அறிக்கை எழுதியவர்கள் காட்சி நடக்கும் இடத்திலேயே ஒலிக்காத எந்த இசையும் கூடாது என்றே சபதம் செய்தார்கள். அவரவர் விரதம் அவரவருக்கு. ஆனால் ஏகாதசி விரதம் இருப்பவர் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவனைப் பார்த்து, “உன் சாப்பாடே தப்பு” என்று சொன்னால் என்ன செய்வது?

நம் மண்ணில் இசை எப்போது பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது? நெய்வேலியைச் சுற்றியிருக்கும் பழைய தென்னார்க்காடு தெருக்கூத்து ஊறிய பூமி. கூத்தில் முகவீணைக்காரரும் மிருதங்கக்காரரும் பின்பாட்டுப் பாடுகிறவர்களும் மேடையிலேயே, ஆடுகிறவருக்குப் பின்னால், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருக்கிறார்கள். துரியோதனன் வேஷக்காரருக்குத் தொண்டை கட்டிப்போன ராத்திரியில் விடியும்வரை கூத்தைத் தூக்கிச் சுமப்பது அந்த முகவீணைதான். மறுநாள் காலையில் வயலுக்குப் போகிற வழியில், “வேஷம் சுமார்தான், ஆனா முகவீணை இருக்கே...” என்று பேசிக்கொண்டு போவார்கள். வேஷம் சுமாரானதால் முகவீணையும் சுமார்தான் என்று சொல்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்த விவசாயிகளுக்குத் தெரிந்த பாகுபாடு, குறுந்தகட்டில் பெர்க்மனைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசிக்கிறார். மழை நாள், சாமிக்குப் பின்னால் பத்துப் பேர்கூட இல்லை, வாகனத்துக்கு வர்ணம் உரிந்து தொங்குகிறது, குடை பிடிக்கிறவர் கொட்டாவி விடுகிறார். அன்றைய மல்லாரி வீணா? புறப்பாட்டின் லட்சணத்தை வைத்து மல்லாரியை எடை போடும் வழக்கம் நம்மிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

சினிமாப் பாட்டு விஷயத்திலும் நாம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறோம். 1982-இல் ஸ்ரீதர் எடுத்த ‘நினைவெல்லாம் நித்யா’வின் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் என் தலைமுறையில் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். பாட்டைக் கேட்டால் பல்லவி, சரணம், இடையிசை எல்லாவற்றையும் வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். அந்தப் படத்துப் பாட்டு ஒன்றின் முதல் சொற்கள் சற்றே சுருங்கி, முப்பது வருடம் கழித்து, 2012-இல் கௌதம் மேனன் படத்துக்கு ‘நீதானே என் பொன்வசந்தம்’ என்று தலைப்பாயின. அதற்கும் இசை இளையராஜாதான். லண்டனில் போய்ப் பதிவு செய்தார். அந்தப் படமும் தேறவில்லை என்பது என் அபிப்பிராயம். காதலர்கள் சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள், மறுபடி சண்டை போடுகிறார்கள், நமக்கு இடையில் வயதாகிறது. ஆனால் அதன் பாட்டுகளில் வரும் தந்தி வாத்தியக் கோவைகளுக்காக இன்றைக்கும் அதைத் தேடிப் போட்டுக் கேட்கிறேன். படம் தேறாததால் பாட்டு வீண் என்று என் நண்பரும் சொல்ல மாட்டார். அவர் காரிலேயே அந்தப் பாட்டு ஓடுகிறது.

பாட்டுக்கு ஒரு நியாயம், பின்னணி இசைக்கு ஒரு நியாயம் ஏன்? இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். கலைக் காரணம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. கடைக் காரணம்தான் தட்டுப்படுகிறது. பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன, இலங்கை வானொலியில் வந்தன, பிறகு கேசட்டாக வந்தன. தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. எழுதிக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பதிந்து தருவார்கள். அங்கே யாரும், “இந்தப் படத்தோட மூணாவது ரீல் வயலினைப் பதிஞ்சு குடுங்க” என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கடைக்காரர்களிடம் இருந்திருக்காது. இசைக் கம்பெனிகள் வாங்கியது பாட்டை மட்டும்தான். பின்னணி இசை வசனத்தோடும் காலடிச் சத்தத்தோடும் கதவுச் சத்தத்தோடும் கலந்து படச்சுருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. படம் இரண்டாவது வாரம் பெட்டிக்குள் போனால் இசையும் அதே பெட்டிக்குள் போயிற்று. தனியாக விற்கப்படாத ஒன்றை, தனியாக நிற்காது என்று முடிவு கட்டிவிட்டோம். வியாபாரத்தில் நேர்ந்த விபத்துக்கு அழகியல் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இத்தனைக்கும் கண்ணை விட்டுவிட்டுக் காதால் படம் பார்க்கும் பயிற்சி தமிழர்களுக்கு இருந்த அளவுக்கு வேறு யாருக்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி ஒலியாக மட்டும் போடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் ‘திருவிளையாடல்’ வசனம் ஓடும். 1984-இல் ‘விதி’ வந்தபோது அதன் நீதிமன்ற வசனக் கேசட் ஓடாத டீக்கடை இல்லை. என் அம்மா பார்க்காமலே கேட்டு மனப்பாடம் செய்த படங்கள் பல. “இந்த எடத்துல புல்லாங்குழல் வரும் பாரு, அப்ப அவ அழுவா” என்பாள். அம்மாவுக்குப் பின்னணி இசை என்ற சொல் தெரியாது. ஆனால் அது கரைந்துபோகவில்லை என்பது தெரிந்திருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த வாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கினார். 2016 பொங்கலுக்கு வந்த பாலாவின் ‘தாரை தப்பட்டை’ அவருக்கு ஆயிரமாவது படம். நாற்பது வருடத்தில் ஆயிரம் என்றால் வருடத்துக்கு இருபத்தைந்து, மாதத்துக்கு இரண்டு. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி எல்லாம் சேர்த்துத்தான். சரி, எல்லாம் சேர்த்தே கேட்கிறேன்: அந்த நாற்பது வருடத்தில் அவரைத் தேடி ஆயிரம் நல்ல படங்கள் வந்தனவா? நூறு வந்திருந்தால் நாம் பாக்கியசாலிகள். மிச்சமெல்லாம் என்ன? பண்ணையார் மகளைக் காதலிக்கும் ஏழை, கோயில் திருவிழாவில் தொலைந்த அண்ணன், இடைவேளைக்குப் பிறகு திருந்தும் வில்லன். அந்தப் படங்களையும் அவர் ரீல் ரீலாகப் பார்த்தார். வாத்தியத்தைத் தொடாமல் நேராகத் தாளில் சுரக்குறிப்பு எழுதினார். எழுதிய தாளைப் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு பிரசாத் ஸ்டுடியோவில் வயலின்காரர்களும் குழல்காரர்களும் வாசித்தார்கள். வாசிக்கிறவருக்கு முன்னால் இருந்தது தாள்தான். அந்தத் தாளில் ‘இது சுமாரான படம், கொஞ்சம் சுமாராக வாசிக்கவும்’ என்று எந்தக் குறியும் இருந்ததில்லை.

நண்பரின் கொள்கையை ஒப்புக்கொண்டால், நம் காலத்தின் மிகப் பெரிய இசை உழைப்பில் பெரும்பகுதியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். ‘முதல் மரியாதை’, ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’ என்று ஒரு சின்ன அலமாரியை வைத்துக்கொண்டு கும்பிடலாம். 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது பலர் எழுதினார்கள்: கடைசியில் அவர் இசைக்கு உரிய இடம் கிடைத்துவிட்டதாம். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் எண்பது வயதை ஒட்டி ஒருவர் திடீரென்று சிம்பொனி எழுதிவிட முடியுமா? இரண்டு குரல்களை எதிரெதிராக ஓடவிடுவதை, ஓபோவிடமிருந்து செல்லோ ஒரு சொற்றொடரைப் பிடுங்கிக்கொள்வதை, ஐந்து நொடி அமைதிக்குப் பிறகு எங்கே நுழைவது என்பதை எங்கே பழகினார்? அந்தப் பண்ணையார் படங்களில்தான் பழகினார். நல்ல படத்தில் இயக்குநர் ஏற்கெனவே பாதியைச் சொல்லியிருப்பார். ஒன்றுமே சொல்லாத காட்சியில்தான் இசையமைப்பாளருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. என்ன சொல்வது என்பதை அவரே யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘தாரை தப்பட்டை’யையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரகாட்டக் குழுவின் கதை. முதல் பாதியில் மனிதர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் ரத்தம் மட்டும் இருக்கிறது. பாலாவை மதிக்கிறவர்களே அந்தப் படத்தை மன்னிக்கவில்லை, நான் உட்பட. அந்த வருடம் 63-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணி இசைக்கான விருது அந்தப் படத்துக்குத்தான் போனது. 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாக விருது கொடுக்கிறார்கள். முதலில் ‘பழசிராஜா’வுக்கு, பிறகு இதற்கு என்று இரண்டு முறை இளையராஜா அந்த விருதைப் பெற்றிருக்கிறார். தேசிய விருதுக் குழுக்களின் ரசனைமேல் எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓர் அரசாங்கக் குழுவால் முடிந்தது, படத்தை ஒரு கையிலும் இசையை ஒரு கையிலும் எடுத்துப் பார்க்க முடிந்தது. நம்மால் ஏன் முடியவில்லை?

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஜெயித்ததாகச் சொல்ல மாட்டேன். காட்சியின் அளவை மீறிய இசை காட்சியை இன்னும் கேவலமாக்கும். பொய்யழுகைக்கு நாற்பது வயலின் போட்டால் பொய் நாற்பது மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மை. இன்றைக்கு பி.ஜி.எம். என்ற சொல்லுக்கே நாயகன் காரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைக்கும் சத்தம் என்றுதான் பொருளாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நடந்தபோது, விஜய் வேன்மேல் ஏறி ரசிகர்களோடு செல்ஃபி எடுத்த கணத்தில், கூட்டத்தில் ஒரு பையன் வாயாலேயே டிரம்ஸ் வாசித்தான். பின்னணி இசை இல்லாமல் நிஜ வாழ்க்கையைக்கூடப் பார்க்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த இரைச்சலுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இது படம் நன்றாக இருந்தாலும் இரைச்சல்தான், விழுந்தாலும் இரைச்சல்தான். நான் கேட்பதும் அதைத்தானே? இசையை இசையாக எடைபோடுங்கள். எடைபோட்டுக் குறைந்தால் குறைவு என்று சொல்லுங்கள். தராசில் படத்தையும் சேர்த்து வைத்து அழுத்தாதீர்கள்.

காட்சிக்குப் பொருந்தாதது வேறு, தன்னளவில் தாழ்ந்தது வேறு. இந்த வித்தியாசத்துக்கு இருநூறு வருடத்துச் சாட்சி இருக்கிறது. 1823 டிசம்பர் 20 அன்று வியன்னாவில் ‘ரோசமுண்டே’ என்றொரு நாடகம் மேடையேறியது. எழுதியவர் ஹெல்மினா ஃபான் ஷேஸி. இரண்டே காட்சிகளில் மூட்டை கட்டினார்கள். அதற்கு இசை எழுதியவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட். நாற்பத்துநான்கு வருடம் அந்த இசைத்தாள்கள் வியன்னாவில் ஓர் அலமாரியில் தூசுபடிந்து கிடந்தன. 1867-இல் லண்டனிலிருந்து ஜார்ஜ் க்ரோவும் ஆர்தர் சல்லிவனும் தேடிக்கொண்டு போய் அந்தக் கட்டைக் கண்டெடுத்தார்கள். நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து நகலெடுத்தார்கள். முடித்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் பச்சைக்குதிரை தாண்டி விளையாடினார்கள். ஒருவர் இசை அகராதி தொகுத்தவர், இன்னொருவர் பெயர்பெற்ற இசையமைப்பாளர். ‘ரோசமுண்டே’ இசை இன்றைக்கும் உலகமெங்கும் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்படுகிறது. நாடகத்தை யாரும் தேடுவதில்லை. இந்த வழக்கை நம் விமர்சகர்கள் விசாரித்திருந்தால், ஷூபர்ட் நாடகத்தோடு கரைந்து போயிருக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

இன்னொரு சாட்சி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். 1993-இல் இளையராஜாவின் சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவு செய்தபோது நடத்திக் கொடுத்தவர் ஜான் ஸ்காட். அந்தப் பதிவு வெளிவராமலே போனது வேறு கதை. ஜான் ஸ்காட் தானும் ஒரு திரைப்பட இசையமைப்பாளர். 1986-இல் அவர் இசையமைத்த படங்களில் ஒன்று ‘கிங் காங் லிவ்ஸ்’. கட்டடத்திலிருந்து விழுந்த ராட்சதக் குரங்குக்குப் பத்து வருடம் கழித்து, கார் அளவுக்குச் செயற்கை இதயம் செய்து பொருத்துகிறார்கள் என்பது கதை. நான் இட்டுக்கட்டவில்லை. விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் அந்தக் குரங்குக்கு ஸ்காட் எழுதிய இசை, திரையிசை சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்கும் இசை. அங்கே அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். எல்லா வித்தியாசமும் அந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது.

நெய்வேலிக்காரன் சுரங்கத்தை இழுக்காமல் ஒரு கட்டுரையை முடித்தால் உள்ளூரில் மதிக்க மாட்டார்கள். ஆகையால் ஒரே ஒரு முறை. இங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் இருக்கிறது. ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். 1950-களில் இங்கே கரி எடுக்க முடியுமா என்று யோசித்தவர்களைப் பயமுறுத்தியதில் இந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. கரி எடுக்க வந்தவர்களுக்கு அது தொல்லை. ஆனால் இறைத்த தண்ணீரைக் கொட்டிவிடவில்லை. அனல்மின் நிலையத்துக்கும் ஊருக்கும் பயன்படுத்தினார்கள், சென்னைக்கும் குழாயில் அனுப்பினார்கள். அதைக் குடித்து வளர்ந்தவன் நான். ‘கரிக்குத் தேவையில்லாத தண்ணீர், ஆகவே வீண்’ என்று எங்கள் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியாக, இசையமைப்பாளர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஓடாத படங்களின் பின்னணி இசைப் பதிவுகள் உங்கள் அலமாரிகளில் எங்காவது காந்தநாடாவாக இருந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் வெளியே எடுங்கள். வசனம் கலக்காத தனித் தடம் இருந்தால் இன்னும் நல்லது. ஓடிய படங்களுக்கு மட்டும் பின்னணி இசைத் தொகுப்பு வெளியிடும் வழக்கத்தை விடுங்கள். ஓடிய படத்தைத்தான் எப்படியும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோமே. சுரக்குறிப்புத் தாள்கள் இருந்தால் இசைக் கல்லூரி மாணவர்கள் கைக்குப் போகட்டும். பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறவர்கள், ‘இசை படத்துக்குப் பலம்’, ‘பின்னணி இசை சுமார்’ என்ற இரண்டு வரிகளை நிரந்தரமாக ஓய்வுபெறச் செய்தால் பெரிய உபகாரம்.

நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பின்கட்டில் உட்கார வைத்தேன். “சும்மா சுவர்ப்பக்கம் காதை வெச்சுக் கேளுங்க” என்றேன். அன்று பார்த்துப் பக்கத்து வீட்டில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வரும் ஞாயிறு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.